செம்மேட்டு ரோட்டோரம் ஐந்தடி

மலை மேல் வாடகை சைக்கிள் கடை வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் அத்தா சேக் மைதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“ஏறும்போது நீ சைக்கிளத் தள்ளோணும். எறங்கும்போது அது உன்னயத் தள்ளும். நடுவுல எவன்டா வாடகை குடுப்பான்?” என்றார்.

சேந்தமங்கலத்தில் இரும்புக் கடை வைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். நான்காவது பிள்ளை நான், ரமீஸ். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வயது வரை ஒரு விஷயத்திலும் யார் பேச்சையும் கேட்காதவன் அன்றைக்கு மட்டும் கேட்பானா? தொண்ணூற்றெட்டாம் வருடம் பன்னிரண்டு சைக்கிள்களை ஒரு லாரியில் கட்டி ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி செம்மேட்டுக்குக் கொண்டு வந்தேன். நாற்பதாவது வளைவில் எனக்கு வாந்தி வந்தது. சைக்கிள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்தா சொன்னதில் பாதிதான் சரி. கொல்லிமலை கீழிருந்து பார்க்கத்தான் சுவர் மாதிரி இருக்கும். மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாக, ஆனால் சைக்கிள் மிதிக்கிற மாதிரிதான் ஊர்கள் பரந்து கிடக்கும். பெரக்கரை நாட்டு ஊர்களிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள், சந்தைக்கு வருகிறவர்கள், யூனியன் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவர்கள் என்று கடை ஓடத்தான் செய்தது. சிலர் வாடகைக்கு எடுத்துப் பழகி, பிறகு சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்கள். ரிப்பேருக்கு என்னிடம் வந்தார்கள்.

நான் மட்டும் மொபெட்டில் போனேன். கேட்டால், “அல்வாக் கடைக்காரன் அல்வாத் தின்பானா?” என்பேன். உண்மை என்னவென்றால், இறக்கத்தில் சைக்கிள் வேகமெடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

இரண்டாயிரத்து இரண்டில் ரோட்டை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. சுற்றுலாப் பஸ்கள் வர வேண்டும், ஜீப்பும் லாரியும் ஒன்றையொன்று உரசாமல் போக வேண்டும் என்றார்கள். நல்லதுதான். நானும் கை தட்டினேன். முதல் பகுதி தார் போட்டு முடிந்தபோது ரோடு பழைய மண்ணைவிட முக்கால் அடி உயர்ந்திருந்தது. விளிம்பு கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செங்குத்தாக நின்றது. அதன் ஓரத்தில் மண் அணைக்கவில்லை. ஜீப் பின்னால் வந்து ஹாரன் அடித்தால், சைக்கிளில் போகிறவர் ரோட்டைவிட்டு இறங்க முடியாது. விழத்தான் முடியும்.

எனக்குத் தெரிந்து முதலில் விழுந்தது அம்சவேணி.

அம்சவேணி தபால்காரம்மா. செம்மேட்டிலிருந்து சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு ஐந்தாறு ஊர்களுக்குத் தபால் கொடுப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிராளிக்கு அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. அன்று காலை பனி இன்னும் விலகவில்லை. சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, பின்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முழங்காலில் ரத்தம். சேலை முழுக்கச் செம்மண். தபால் பை மட்டும் சுத்தமாக இருந்தது.

“ஜல்லி லாரிங்க பாய். ஒதுங்கலாம்னு பாத்தேன். ஒதுங்கறக்கு எடமில்ல. பள்ளத்துல போய் உழுந்துட்டேன். ரிம்மு கோட்டம் எடுக்க முடியுமாங்க, மாத்தோணுமா?”

கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பக்கத்து டீக்கடை வெள்ளியங்கிரியும் டம்ளரோடு வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு தானாக நீளும்.

“ரிம்மு கெடக்குதுங்க அம்மிணி. இத இப்படியே உடக் கூடாது. ரோடு போடறவங்க சைக்கிள்காரங்கள மனுசனாவே நெனைக்கல. ரோட்டோரம் அஞ்சடிக்குத் தனியாப் பாதை போடோணும். நான் பேசறேன். நாமக்கல் போயி பெரிய ஆபீசரையே பாக்கறேன்!”

“எப்பங்க?” என்றார் அம்சவேணி.

இந்த மாதிரி வசனங்களுக்கு யாரும் தேதி கேட்பதில்லை. “திங்கக்கிழமை” என்று வாயில் வந்துவிட்டது.

“சரிங்க. நானும் வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் முழங்காலைக் கழுவப் போனார். நான் போராட்டக்காரன் ஆனது இப்படித்தான்.

மனு எழுத மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டேன். ஆறு பக்கம். ‘இருசக்கரத்தில் சுழலும் ஏழை எளியோரின் வாழ்க்கைச் சக்கரம்’ என்று ஆரம்பித்திருந்தேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அம்சவேணி அதை வாங்கிப் படித்தார். பஸ் அறுபதாவது வளைவிலிருந்து பத்தாவது வளைவுக்கு இறங்கும் வரை பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி ஐந்து பக்கத்தைக் குறுக்கே அடித்தார். மிஞ்சிய பக்கத்திலும் நான்கு வரிதான் தேறியது: ரோட்டு விளிம்பு முக்கால் அடி உயரம். ஒதுங்க இடமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிலையம் வரை ஐந்தடி அகலத்தில் தனிப்பாதை வேண்டும். அந்தத் தூரம் அரை கிலோமீட்டர்.

“மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு. ஆபீசர் படிக்க மாட்டாருங்க” என்றார் சமாதானமாக.

நாமக்கல்லில் நாங்கள் பார்த்தது பெரிய ஆபீசர் இல்லை. அவர் கேம்ப் போயிருந்தார். மாதேஸ்வரன் என்ற இளம் இன்ஜினியர் இருந்தார். மனுவைப் படித்து முடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆனது. நான் தொண்டையைச் செருமி, அடிபட்டுப் போன ஐந்து பக்கத்தையும் மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மலையில எத்தன சைக்கிளுங்க ஓடுது?”

“நெறையங்க சார்.”

“நெறையன்னா?”

நான் அம்சவேணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“எஸ்டிமேட்ல ‘நெறைய’ன்னு எழுத முடியாதுங்க. எண்ணிட்டு வாங்க. நெசமாவே ஆளுக போறாங்கன்னா நான் மேல எழுதறேன்” என்றார் மாதேஸ்வரன்.

எண்ணுவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? சனிக்கிழமை காலை கடை வாசலில் நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். சைக்கிள் போகப் போகக் கோடு போட்டேன். பொழுது சாயும்போது எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. எனக்கே மெய்சிலிர்த்தது. வெள்ளியங்கிரியிடம் காட்டினேன். “மெட்ராசுலகூட இத்தன இருக்காதுங்க பாய்” என்றார். அவர் மெட்ராஸ் போனதில்லை.

அம்சவேணி நோட்டை வாங்கிப் பார்த்தார். “சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவுங்களே. உங்ககிட்ட மணிக்கணக்குல எடுத்த பிள்ளைக எத்தன பேருங்க?”

“பதினோரு பேரு.”

“அவுங்க எங்க போனாங்க?”

எங்கே போவார்கள்? வாடகை மணி தீருகிற வரை பஸ் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பதினோரு பேரையும் ஆளுக்குப் பதினைந்து தடவை எண்ணியிருக்கிறேன். போகும்போது ஒவ்வொருவனும் எனக்குக் கை வேறு காட்டினான். நானும் திருப்பிக் காட்டிவிட்டுக் கோடு போட்டிருக்கிறேன். மீதி இருந்த கோடுகளில் இரண்டு, முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் மறந்த டிபன் பாக்ஸை எடுக்கப் போய்த் திரும்பிய வாத்தியார்.

அடுத்த வாரம் அம்சவேணியே எண்ணினார். தபால் பஸ் வருவதற்கு முன்னால், பள்ளிக்கூடத்து வளைவில், ஐந்து நாள். கோடு போடவில்லை. பெயர், ஊர், எங்கே போகிறார் என்று எழுதினார். எல்லா வீட்டுக்கும் தபால் கொடுப்பவருக்கு எல்லாரையும் தெரியும். அறுபத்து நான்கு பேர். நாற்பத்தொருவர் பள்ளிப் பிள்ளைகள், அதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். இதுவரை யார் யார் எங்கே விழுந்தார்கள் என்பதும் இருந்தது. கண்ணாயி என்கிற சத்துணவு ஆயா இரண்டு முறை விழுந்திருந்தார். இரண்டாம் முறை கை ஒடிந்து கட்டோடு நடந்தே வந்துகொண்டிருந்தார். அவரை நான் தினமும் பார்க்கிறேன். கையில் என்ன கட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து அறுபத்து நான்காகக் குறைந்ததில் எனக்குப் பெரிய வருத்தம். கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்று கேட்டேன்.

“யாருங்க பாய் அந்தக் கொஞ்சம் பேரு? பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றார்.

மாதேஸ்வரன் அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு பெயரையும் படித்தார். “இது வேணும்ங்க. இதான் வேணும்” என்றார். பிறகு, “நீங்க எண்ணுனதுங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “நாங்க எண்ணுனதுங்க” என்றுதான் வந்தது. அம்சவேணி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து செம்மேட்டில் கூட்டம் போட்டார்கள். ரோட்டு வேலையின் அடுத்த கட்டத்துக்கான வரைபடத்தைக் காட்டி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். எண்பது பேர் வந்திருந்தார்கள். மலையில் எண்பது பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அது மாநாடு. நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். என் மனைவி சித்திகாவும் சேந்தமங்கலத்திலிருந்து வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் பேசுவதைக் கேட்க வா என்று நானே வருந்தி வருந்தி அழைத்திருந்தேன்.

பேசினேன். இருபது நிமிடம் பேசினேன். ரோடு லாரிக்கு மட்டும் சொந்தமில்லை என்றேன். பிள்ளைகளின் உயிர் பெரிதா, ஐந்தடி மண் பெரிதா என்றேன். “அஞ்சடிப் பாதைக்குக் குறுக்கால எது நின்னாலும், யாருது நின்னாலும், எடுத்துத்தான் ஆகோணும்!” என்று மேசையைத் தட்டினேன். கை தட்டல் நிற்க நேரமாயிற்று. சித்திகாவைப் பார்த்தேன். அவள் பக்கத்திலிருந்த அம்சவேணியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரன் எழுந்து வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். “பாதை போடலாம்ங்க. ரெண்டு பக்கமும் முடியாது. எடதுபக்கம் மட்டும் வரும். ஒரே ஒரு எடத்துலதான் சிக்கல். பஸ் நெலையத்து வளைவுல ஒரு கடை ரோட்டுக்கு ஒட்டி நிக்குது. பாதை வரோணும்னா அந்தக் கடை பதினோரு அடி பின்னால போகோணும். இல்லீன்னா அந்த எடத்துல மட்டும் பாதைய நிறுத்திட்டு, பிள்ளைக ரோட்டுல ஏறித் திரும்ப எறங்கற மாதிரி விடலாம்.”

பஸ்கள் திரும்புகிற வளைவு அது. அம்சவேணி விழுந்த இடமும், கண்ணாயி கை ஒடிந்த இடமும் அதுதான்.

“யார் கடைங்க சார் அது?” என்று கேட்டேன். குரலில் இன்னும் வீராவேசம் மிச்சமிருந்தது.

மாதேஸ்வரன் வரைபடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். “வாடகை சைக்கிள் கடைன்னு போட்டிருக்குங்க.”

எண்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனாவது ஓணானுக்காக இருபது நிமிடம் மைக்கில் பேசியிருக்க மாட்டான்.

என் கடை இருபது அடி நீளம். அதில் பதினோரு அடி போனால் மிஞ்சுவது ஒரு சந்து. வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாம். அந்த ஒரு வளைவில்தானே, பிள்ளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று சொல்லலாம். அதைச் சொல்ல நல்ல தமிழில் ஒரு வாக்கியமும் மனதில் தயாராகிவிட்டது. யாராவது, “பாவம், பாய் கடைய உடுங்க” என்று முதலில் சொன்னால் நான் அதைப் பிடித்துக்கொள்வேன். சுற்றிப் பார்த்தேன். கண்ணாயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

வெள்ளியங்கிரி எழுந்தார். எனக்கு உயிர் வந்தது.

“நம்ம பாய் சொன்ன சொல்லு மாற மாட்டாருங்க! பதினோரு அடி என்னங்க, முழுக் கடையும் கேட்டாலும் குடுத்துருவாரு!”

எண்பது பேரும் கை தட்டினார்கள். என் தியாகத்தை எனக்கு முன்னால் இன்னொருவர் அறிவித்துவிட்டார். நான் எழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

கூட்டம் கலைந்த பிறகு மாதேஸ்வரன் என்னை ஓரமாக அழைத்தார். அம்சவேணி பக்கத்தில் நின்று வரைபடத்தைச் சுருட்ட உதவிக்கொண்டிருந்தார்.

“ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லிடறேங்க. உங்க கடை முன்னாடி பதினோரு அடியும் புறம்போக்கு. கட்டடக்காரர் செங்கோடன் அந்தக் காலத்துலயே முன்னால இழுத்துக் கட்டிட்டாரு. எப்படி இருந்தாலும் நாங்க எடுத்திருப்போம். நோட்டீசு டைப் அடிச்சாச்சு.”

“அப்புறம் ஏனுங்க சார் என்னையக் கேட்டீங்க?”

“நீங்களாவே குடுத்தா கோர்ட்டு கேசுன்னு இழுக்காதுங்களே” என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆக, நான் கொடுத்தது என்னுடையதே இல்லை. எனக்கு வாடகைக்கு விட்ட செங்கோடனுடையதும் இல்லை. அரசாங்கத்தின் நிலத்தை அரசாங்கத்துக்கே தானம் செய்துவிட்டுக் கும்பிட்டு வந்திருக்கிறேன். அம்சவேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“அம்மிணி, இத யார்கிட்டயும்…” என்று இழுத்தேன்.

“தபால் ஆபீசுல இருக்கறவங்க அடுத்தவங்க கடுதாசியப் படிச்சுச் சொல்றதில்லீங்க” என்றார். அப்புறம் ஒரு கணம் நின்று, “ஆனாலும் பாய், பொறம்போக்குன்னு தெரியாமத்தானே கும்புட்டீங்க” என்றார். அது ஆறுதலா, கிண்டலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டேன்.

அவர் சொல்லவில்லை. ஊரில் எனக்குப் பெரிய பெயர். சந்தையில் பலாப்பழம் வாங்கினால், “கடையக் குடுத்த பாய்” என்று பெரிதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். சித்திகாவிடம் மட்டும் மறுவாரமே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஹாஜிரா பீவி மாமி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. “சந்துல சைக்கிள் எப்படி நிறுத்துவ? செவுத்துல கொக்கி அடிச்சுத் தொங்க விடு” என்று கடையிலிருந்து பன்னிரண்டு இரும்புக் கொக்கிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து நான்கு தொடக்கத்தில் பாதை முடிந்தது. ஐந்தடி என்று கேட்டோம். நாலரை அடி வந்தது. ரோட்டுக்கும் பாதைக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்க நான் சேந்தமங்கலம் போய்த் திரும்புவதற்குள் பிள்ளைகள் அதன் மேல் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு வாரம் பாதை பளபளவென்று இருந்தது. எட்டாம் நாள் காலை பார்த்தால் முழுக்க மிளகு. நல்ல வெயில், சூடான சிமெண்ட், லாரி ஏறாத இடம். காயப்போட இதைவிட வசதி மலையில் வேறெங்கே கிடைக்கும்? நான் போய்ச் சத்தம் போட்டேன். “பாதை சைக்கிளுக்கு, மொளகுக்கில்ல!” என்றேன். மிளகு காயப்போட்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “நீங்க மொபெட்ல வந்து சொல்றீங்களேங்க” என்றார். நான் பாதை மேலேயே மொபெட்டை நிறுத்தியிருந்தேன்.

கடைசியில் அம்சவேணிதான் வழி சொன்னார். பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் தொடங்குகிற நேரமும் பாதை பிள்ளைகளுக்கு. நடுவில் ஓரமாக ஒன்றரை அடி மிளகுக்கு. மீதி மூன்றடியில் சைக்கிள் போகும். தபால் கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காப்பிக்கொட்டைக்காரர்கள் மட்டும் கொஞ்ச நாள் முறைத்தார்கள். அதற்கப்புறம் அந்த வளைவில் யாரும் விழவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் நடந்தே வந்துகொண்டிருந்த கண்ணாயி ஒருநாள் என்னிடம் வந்து, தன் பழைய சைக்கிளுக்குப் புது மணி போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் சித்திகாவும் எங்கள் மகள் ஆஸியாவும் மேலே வந்து தங்கினார்கள். இரண்டாம் நாள் சித்திகா, “நான் சைக்கிள் பழகட்டுமாங்க?” என்று கேட்டாள். முப்பத்திரண்டு வயதில் ஏன் என்று கேட்கப் போனேன். அதற்குள், “கூட்டத்தன்னிக்கே அம்சவேணி அக்காகிட்ட சொல்லி வெச்சிட்டேன். பாதை வந்ததும் சொல்லித் தாரேன்னாங்க” என்றாள். என் இருபது நிமிடப் பேச்சின்போது இருவரும் பேசிக்கொண்டிருந்தது இதுதான்.

மூன்றாம் நாள் மாலை அவள் தனியாக மிதித்தாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து வந்தாள். கேரியரைப் பிடித்தபடி அம்சவேணி கொஞ்ச தூரம் ஓடி வந்து கையை எடுத்துவிட்டார். நான் கடை வாசலில் நின்றிருந்தேன். மிளகுக்கு ஒதுங்கி, ஒரு கோழிக்கு ஒதுங்கி, எனக்கும் ஒதுங்கிப் போனாள். போகிற போக்கில், “ஏங்க, இத எப்படிங்க நிறுத்தறது?” என்றாள்.

பின்னாலேயே ஓடினேன். பிரேக்கைப் பிடி என்று சொல்ல வேண்டும். ஆனால் நாற்பதை நெருங்கும் ஆள், இரண்டு சக்கரத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டே பேசுவது நடக்கிற காரியமா? கல் வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பியது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதை முடிகிற இடத்தில் மிதிப்பதை விட்டு, காலை ஊன்றித் தானாகவே நின்றாள்.

நான் போய்ச் சேர்ந்து முட்டியில் கையை ஊன்றி மூச்சு வாங்கினேன். அம்சவேணியும் வந்து சேர்ந்தார்.

“இன்னொரு தடவ போலாமா?” என்று கேட்டாள் சித்திகா. என்னிடம் இல்லை, அம்சவேணியிடம்.